திறந்த கூடா, வலைக்கூடா: மட்டக்களப்பில் புறா வாங்க முதல்

போன மாதம் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் பெடியன் ஒருவன் சப்பாத்துப் பெட்டியொன்றில் ஆணியால் துளை போட்டுக்கொண்டு வந்து நின்றான். "மாமா, காத்தான்குடியில ஒரு காக்கா ஒரு சோடிப் புறா தாறாராம். நாளைக்கு எடுக்கப் போறன். கூடு எப்படி அடிக்கிற?" என்றான். (காக்கா என்பது இங்கே முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடும் சொல்.)

"என்ன மனே, நாளைக்குப் புறா வருது, இன்னும் கூடு இல்லையா?" என்று கேட்டேன். பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, மாரி கழியட்டும் என்றேன். அவனுடைய முகம் வாடிப்போயிற்று. ஆனாலும் அன்று பின்னேரம் முழுக்க என் வளவில் இருந்து, கூட்டைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இந்தக் கரையில் புறா வளர்க்க ஆசைப்படும் எவருக்கும் இதே கேள்விதான் வரும்.

எல்லாரும் முதலில் கேட்பது எந்தப் புறா நல்லது என்று. நான் கூட்டிலிருந்து தொடங்கச் சொல்வேன். எந்த இனம் வைக்கலாம், எத்தனை சோடி, மாதம் எவ்வளவு தீனி, அயலவரோடு சச்சரவு வருமா, என்ன நோய் வரும் என்பதையெல்லாம் கூடுதான் தீர்மானிக்கிறது. ஒழுங்காகப் பார்த்தால் வீட்டுப் புறா பத்துப் பதினைந்து வருடம் இருக்கும். இன்று அவசரமாக அடிக்கும் கூட்டோடு அத்தனை வருடம் நீங்களும் இருக்க வேண்டும்.

நம் பக்கத்தில் மூன்று வழி உண்டு. புறா நினைத்தபடி போய்வரும் திறந்த கூடு ஒன்று. நாலு பக்கமும் வலை அடித்த மூடிய கூடு மற்றது. மூன்றாவது, வலைக்கூட்டில் வைத்துப் பின்னேரத்தில் மட்டும் பறக்கவிடுவது. கடையில் விற்கும் சின்னக் கம்பிக் கூண்டை வாங்கி விறாந்தையில் தொங்கவிடுவோரும் இருக்கிறார்கள். அதை நான் ஒரு வழியாகவே எடுக்கவில்லை. சிறகை முழுதாக விரிக்க முடியாத இடத்தில் புறாவை வைப்பது பாவம். நோய் பார்க்க, புதுப் புறாவைத் தனியாக வைக்க, அந்தக் கூண்டு உதவும். அதோடு சரி.

திறந்த கூடு

எங்கள் அப்பாவின் காலத்தில் எல்லாரிடமும் இருந்தது இதுதான். தென்னங்குற்றி ஒன்றை நட்டு, அதன் தலையில் எட்டு அறையுள்ள பலகைப் பெட்டியை ஏற்றி, மேலே தகரம் அடித்தால் வேலை முடிந்தது. செலவு குறைவு. காலையும் பின்னேரமும் ஒவ்வொரு பிடி தானியம் போட்டால் மிச்சத்தைப் புறாவே தேடிக்கொள்ளும். பறந்து திரிவதால் உடம்பு இறுகி, கண் தெளிந்து, இறகு மின்னிக்கொண்டு இருக்கும். விடியற்காலையில் இருபது புறா ஒன்றாய் எழும்பி, வாவிப் பக்கம் ஒரு வட்டம் போட்டுத் திரும்பும்போது சிறகுகள் ஒரே நேரத்தில் வெள்ளையாகி மறுபடி சாம்பலாகும். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தக் காட்சிக்காகவே பல வருடம் திறந்த கூடுதான் வைத்திருந்தேன்.

பிறகு ஏன் விட்டேன்?

முதலாவது காரணம் பெருக்கம். ஒரு பேடு இரண்டு முட்டை இடும். முதல் முட்டை பின்னேரம் வரும். இரண்டாவது ஒரு நாள் விட்டு அடுத்த நாள் மத்தியானத்துக்குப் பிறகு. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகிடக்கும். காலை பத்து மணி போல ஆண் வந்து ஏறும், பின்னேரம் பேடு வந்து இரவு முழுக்க இருக்கும். பதினேழு பதினெட்டு நாளில் குஞ்சு. குஞ்சு கூட்டை விட்டு வெளியே வர நாலு கிழமை ஆகும். ஆனால் பேடு அதுவரை பொறுத்திருக்காது. குஞ்சுகளுக்கு இரண்டு மூன்று கிழமை ஆகும்போதே அடுத்த முட்டையை இட்டுவிடும். நம் ஊரில் குளிர்காலம் என்று ஒன்று இல்லை. இறகு உதிரும் காலத்தையும் அடைமழையையும் விட்டால் இது ஓயாமல் நடக்கும். பிறந்த குஞ்சும் ஐந்தாறு மாதத்தில் சோடி சேர்ந்துவிடும். திறந்த கூட்டில் எது எந்த மூலையில் முட்டை வைத்திருக்கிறது என்று கவனிப்பது கடினம். இரண்டு சோடியில் தொடங்கிய என் கூட்டில் ஒன்றரை வருடத்துக்குள் முப்பதுக்கு மேல் நின்றன.

முப்பது புறா என்றால் முப்பது புறாவின் எச்சம். அது நம் கூரையில் மட்டும் விழுவதில்லை. பக்கத்து வீட்டு அக்கா பாயில் நெல் காயப்போட்டிருப்பா, மல்லி காயப்போட்டிருப்பா. புறா அங்கே இறங்கும். ஒரு நாள் சிரித்துக்கொண்டு கலைப்பா. பத்தாவது நாள் சிரிப்பு இருக்காது. அவவில் பிழையும் இல்லை. காத்தான்குடி, கல்முனை, சாய்ந்தமருது போல வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் ஊர்களில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகும்.

வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் வளவு பெரிது, அயலவர் தொலைவு. அங்கே திறந்த கூடு நல்லது என்று தோன்றும். ஆனால் அங்கே வயல் இருக்கிறது. பெரும்போகத்துக்குப் புழுதி விதைப்பு நடக்கும் நேரத்தில் மண்ணில் கிடக்கும் நெல்லைப் புறாக்கூட்டம் பொறுக்கும். வருடம் முழுக்க உழைப்பவனின் விதை அது. பூச்சிமருந்து அடித்த வயலில் இறங்கிய புறா கூட்டுக்கு வந்து தலை தொங்கிச் சாவதையும் கண்டிருக்கிறேன். அன்று பின்னேரம் நாலு புறாவை முருங்கை மரத்தடியில் புதைத்தேன். யாரையும் குறை சொல்ல முடியவில்லை. மருந்து அடிப்பது விவசாயியின் தேவை. என் புறாவை அவர் வயலுக்கு அனுப்பியவன் நான்.

இரண்டாவது காரணம் வேட்டை. வானத்தில் வட்டமிடும் செம்பருந்தைக் கண்டு பலர் பதறுவார்கள். அதைவிட மரக்கிளைக்குள் சத்தமில்லாமல் இருந்து பாயும் வல்லூறு ஆபத்து. கூட்டுக்கு வெளியே தடுமாறும் இளம் புறாக்களைத் தூக்கிவிடும். மாரி காலத்தில் கரையோரத்துக்கு வந்துபோகும் பொரி வல்லூறு பறக்கும் புறாவையே அடிக்கும். இரவில் வருவது மரநாய். தென்னங்குற்றியில் ஏறி வந்து ஓர் அறையில் கைவைத்தால் ஒன்றோடு நிற்காது. குற்றியைச் சுற்றி ஓர் ஆள் உயரத்தில் வழுவழுப்பான தகரத்தை இரண்டு அடி அகலத்துக்கு அடித்தால் மரநாயும் பூனையும் ஏறாது. சாரைப் பாம்புக்கும் அது ஓரளவு தடை. திறந்த கூடுதான் வேண்டும் என்று நிற்பவர்கள் இந்த ஒன்றையாவது செய்யுங்கள்.

வாழைச்சேனைச் சோடி

திறந்த கூட்டைப் பற்றி ஒரு விஷயம் தெரியாமல் பலர் காசை இழக்கிறார்கள். நானும் இழந்தேன். வாழைச்சேனையில் ஒருவரிடம் நீலப்பட்டை போட்ட ஹோமர் (தூரத்தில் விட்டாலும் தன் கூட்டுக்கே திரும்பும் புறா இனம்) சோடி ஒன்றை ஆசைப்பட்டு வாங்கிவந்தேன். பத்து நாள் அடைத்து வைத்து, நன்றாகத் தீனி போட்டு, இனிப் பழகிவிட்டது என்று பதினோராம் நாள் கதவைத் திறந்தேன். இரண்டும் கூரையில் ஏறி நின்றன. ஆண் கழுத்தை நீட்டி வடக்கே பார்த்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, பிறகு வாவிக்கு மேலால் நேர் கோடு. நான் சைக்கிளை எடுக்க முதலே அவை கண்ணுக்கு மறைந்துவிட்டன. பின்னேரம் விற்றவரே கூப்பிட்டார்: "உங்கட சாமான் இஞ்ச வந்து நிக்குது." முப்பது கிலோமீற்றர் அளவு தூரம் ஹோமருக்கு ஒரு பொருட்டே இல்லை.

சூரியன் நிற்கும் இடம், பூமியின் காந்தம், காற்றில் வரும் மணம், கண்ணுக்குப் பழகிய வீதிகளும் நீர்நிலைகளும் என்று பலதையும் சேர்த்து அவை வழி பிடிக்கின்றன. மணிக்கு அறுபது எழுபது கிலோமீற்றர் வேகத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தாண்டி வரும் இனம் இது. இந்தியாவில் ஒடிசா பொலிசார் 1946 இலிருந்து பல பத்தாண்டுகள் புறாத் தபால் நடத்தினார்கள். 1999 பெருஞ்சூறாவளியில் தொலைத்தொடர்பு அறுந்தபோதும் அந்தப் புறாக்கள் செய்தி கொண்டுபோயின. 1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளியைக் கண்ட எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு அதன் பெறுமதி சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆக, வேறிடத்தில் பறந்து பழகிய பெரிய புறாவைத் திறந்த கூட்டுக்கு வாங்கவே கூடாது. அதை அடைத்து வைத்துக் குஞ்சு எடுக்கலாம். அந்தக் குஞ்சுக்குத்தான் உங்கள் கூடு வீடு. பறக்க விடுவதற்கென்றே வாங்கினால், தானாகத் தின்னத் தொடங்கிய, இன்னும் வெளியே பறக்காத ஐந்து கிழமைக் குஞ்சுகளாக வாங்குங்கள்.

மூடிய வலைக்கூடு

எட்டடி நீளம், ஆறடி அகலம், ஏழடி உயரம். ஆள் நிமிர்ந்து நின்று கூட்டக்கூடிய கூடு. இந்த அளவில் ஆறு சோடி நிம்மதியாக இருக்கும். இடம் இருக்கிறதே என்று எட்டாவது, ஒன்பதாவது சோடியைச் சேர்த்தால் சண்டை தொடங்கும். அறைக்காக ஆண்கள் மோதும்போது அடுத்த அறைக் குஞ்சின் தலையைக் கொத்திவிடும். ஆறு சோடிக்கு ஏழு அறை அடிப்பது என் வழக்கம். ஓர் அறை மிச்சமாக இருந்தால் சண்டை பாதியாகக் குறையும். ஒவ்வோர் அறையும் இரண்டு அடி அகலம் இருந்தால் இரண்டு மண்சட்டி வைக்கலாம். ஒன்றில் குஞ்சு, மற்றதில் அடுத்த முட்டை.

வலையில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். கோழிக்கு அடிக்கும் பெரிய கண் வலையால் எலியும் நுழையும், சின்னப் பாம்பும் நுழையும். அரை அங்குலக் கண் உள்ள இறுகிய கம்பி வலை வேண்டும். கீழே ஓர் அடி மண்ணுக்குள் இறக்குங்கள், இல்லாவிட்டால் கீரி தோண்டிக்கொண்டு வரும். குந்துவதற்கு உருண்டைத் தடி வேண்டாம். நம் வீட்டுப் புறாக்கள் எல்லாம், மயிற்புறாவும் ஹோமரும் உட்பட, பாறை இடுக்கில் வாழ்ந்த மாடப்புறாவின் வழி வந்தவை. தட்டையான பலகைத் துண்டில்தான் அவற்றின் கால் ஆறுதலாக இருக்கும்.

மூடிய கூட்டின் பெரிய நன்மை, எல்லாம் உங்கள் கையில் இருப்பது. எந்தச் சோடி எப்போது முட்டை இட்டது என்று தெரியும். குஞ்சு வேண்டாத நேரம் முட்டையை எடுத்துவிட்டு, அதே அளவில் பிளாஸ்ரிக் முட்டையை வைத்தால் பேடு வழக்கமான நாள்வரை அடைகிடந்து, பிறகு தானாக எழும்பிவிடும். வெறுமனே எடுத்துவிட்டால் பத்து நாளுக்குள் மறுபடி முட்டையிட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளும். ஐந்தாறாம் நாள் முட்டையை இருட்டில் ரோச் வெளிச்சத்துக்கு முன்னால் பிடித்தால் சிலந்தி வலை போலச் சிவப்பு நரம்புகள் தெரியும். தெரியாவிட்டால் அது கூமுட்டை. ஒரே சட்டியில் நாலு முட்டை கண்டால் சந்தோசப்படாதீர்கள். இரண்டு பேடுகள் சோடி சேர்ந்திருக்கின்றன என்று அர்த்தம். ஒரே அடையில் பிறந்த இரண்டு குஞ்சும் ஆணும் பெண்ணுமாய்த்தான் இருக்கும் என்று சொல்லி விற்பார்கள்; எப்போதும் அப்படி அமைவதில்லை.

குறை என்னவென்றால், எல்லாம் உங்கள் தலையில் இருப்பது. புறா ஒன்றுக்கு நாளொன்றுக்கு முப்பது கிராம் தானியம் என்று வையுங்கள். ஆறு சோடிக்கு 360 கிராம், மாதம் பதினொரு கிலோ அளவில் வரும். குஞ்சு இருந்தால் இன்னும் கூடும். சோளன், நெல், இறுங்கு மூன்றும் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்கு. பயறும் கௌபியும் ஒரு பங்கு. அம்பாறைப் பக்கச் சோளன் அறுவடை நேரத்தில் மூட்டையாக வாங்கினால் மலிவு. ஆனால் மணி சின்னதாகப் பார்த்து வாங்குங்கள். பெரிய மணி இளம் புறாவின் தொண்டையில் இறுகும். வெளியே போகாத புறாவுக்கு மண்ணும் கல்லும் கிடைக்காது, அதையும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். வாவி மட்டிச் சிப்பியைக் கழுவிக் காயவைத்து நொறுக்கி, செங்கல் தூளும் கரித்தூளும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துத் தனிச் சிரட்டையில் வைத்துவிடுங்கள். சிப்பி குறைந்தால் முட்டை ஓடு மெலியும்.

தண்ணீர்ப் பாத்திரம் ஆழமாக இருக்கட்டும். கோழி போலத் தலையை உயர்த்தி விழுங்காமல், அலகை அமிழ்த்தி உறிஞ்சிக் குடிக்கும் பறவை இது. கிழமைக்கு இரண்டு முறை அகன்ற பேசினில் குளிக்க விடுங்கள். குளித்தபின் அந்தத் தண்ணீரை உடனே ஊற்றிவிட வேண்டும். அடைத்து வைத்த புறாவுக்கு வரும் வியாதியில் பாதி ஈரமான தரையிலிருந்து வருகிறது. எச்சத்தில் மிதித்து, அதே இடத்தில் தானியம் பொறுக்கினால் குடற்புழுவும் வயிற்றோட்டமும் விடாது. தீனியைத் தரையில் கொட்டாதீர்கள், தட்டில் வையுங்கள்.

இத்தனையும் செய்தாலும், வருடக்கணக்காக அடைத்து வைத்த ஹோமரின் கண்ணில் ஒரு மந்தம் வந்துவிடும். கொழுத்துப்போய், சிறகைத் தூக்காமல், மூலையில் குந்தியிருக்கும். மயிற்புறாவுக்கு அப்படி இல்லை. விசிறி போல வாலை விரித்து, கழுத்தைப் பின்னால் வளைத்து நடுங்கிக்கொண்டு நடக்கும் அந்த இனத்துக்குப் பெரிதாகப் பறக்க வராது. காற்றடித்தால் வால் அதை இழுத்துப் போகும். திறந்த கூட்டில் பூனைக்கு முதல் இரை அதுதான். மயிற்புறாதான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், வேறு யோசனை வேண்டாம், மூடிய கூடே சரி.

பின்னேரம் திறக்கும் கூடு

நான் இப்போது வைத்திருப்பது இது. கூடு மேலே சொன்ன அதே வலைக்கூடுதான். உச்சிக்குக் கீழே ஒரு பலகைத் தட்டும், அதன் பின்னால் மேலிருந்து தொங்கும் கம்பிகள் உள்ள ஒரு சின்ன வாசலும் மேலதிகம். கம்பிகள் உள்பக்கமாக மட்டும் அசையும். வெளியிலிருந்து வரும் புறா நெஞ்சால் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடும். உள்ளிருந்து தள்ளினால் கீழே உள்ள கட்டையில் கம்பி தட்டி நின்றுவிடும். சைக்கிள் கம்பித் துண்டுகளில் நானே செய்தேன், ஒரு பின்னேரத்து வேலை.

பழக்கும் முறை இப்படி. ஐந்து கிழமைக் குஞ்சுகளை ஒரு சின்னக் கூண்டில் போட்டு அந்தப் பலகைத் தட்டில் தினமும் ஒரு மணித்தியாலம் வைப்பேன். சுற்றியுள்ள கூரை, தென்னை, வாவி, கோயில் கோபுரம் எல்லாவற்றையும் அவை பார்க்க வேண்டும். தீனி போடும்போதெல்லாம் தகரப் பேணியில் தானியத்தைப் போட்டுக் குலுக்குவேன், அந்தச் சத்தம் அவற்றின் வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும். பத்து நாள் கழித்து, காலைத் தீனியைக் குறைத்து, பின்னேரம் ஐந்து மணிக்குத் திறப்பேன். பசியும் இருட்டும் நெருங்கும் நேரம்; தூரம் போக மனம் வராது. முதல் நாள் கூரையில் நின்று தலையை அப்படியும் இப்படியும் சரித்துப் பார்க்கும். பேணியைக் குலுக்கியதும் ஒன்று இறங்கும், அதைப் பார்த்து மற்றதும் இறங்கும். மூன்றாம் நாள் தாழ்வாக ஒரு வட்டம். ஒரு மாதத்தில் அரை மணித்தியாலம் வானத்திலேயே நிற்கும்.

பறப்பது அந்த ஒரு மணித்தியாலம்தான் என்பதால் வயலுக்குப் போக நேரமில்லை, அயலவரின் பாயில் இறங்க நேரமில்லை. எச்சம் பெரும்பாலும் கூட்டுக்குள்தான் விழும். அதைக் கூட்டி அள்ளிக் காயவைத்துக் கத்தரிக்கும் முருங்கைக்கும் போடுகிறேன். பக்கத்து அக்காவுக்கும் வாளியில் கொடுக்கிறேன், இப்போது அவவே கேட்டு வாங்குறா. வல்லூறு அடிப்பது முற்றாக நிற்கவில்லை. வருடத்தில் ஒன்றிரண்டு போகும். வேட்டைப் பறவையின் சிலமன் தெரிந்தால் ஒரு கிழமை திறக்காமல் விடுவேன். இரை கிடைக்காவிட்டால் அது இடம் மாறிவிடும்.

இந்த வழிக்கு ஹோமர் பொருத்தம், கரணம் அடிக்கும் புறாவும் பொருத்தம். சாதாரண நாட்டுப் புறாவும் நன்றாகப் பழகும், நோயையும் தாங்கும். முதல் முறை வளர்ப்பவருக்கு நான் சொல்வது அதைத்தான். ஒரு நிபந்தனை உண்டு: தினமும் பின்னேரம் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். இன்று நீங்கள், நாளைக்கு யாரோ என்றால் சரிவராது. பேணிச் சத்தம் ஒரே ஆளிடமிருந்து, ஒரே நேரத்தில் வர வேண்டும். கொழும்பில் வேலை, கிழமைக்கு ஒரு முறைதான் வீடு என்றால் மூடிய கூட்டோடு நிற்பது நல்லம். அல்லது இப்போதைக்குப் புறாவே வேண்டாம்.

வாடையும் கச்சானும்

எந்தக் கூடானாலும் எங்கள் கரையின் இரண்டு காற்றுக்கும் அது பதில் சொல்ல வேண்டும். வருடத்து மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டிவிடுகிறது. வாடைக் காற்றோடு வரும் சாரல் வடக்கிலும் வடகிழக்கிலும் இருந்து அடிக்கும். அந்த இரண்டு பக்கத்தையும் பலகையால் மூடுங்கள். வலைப்பக்கம் தென்கிழக்கைப் பார்க்கட்டும், காலை வெயில் உள்ளே விழும். தரையை ஒன்றரை அடி உயர்த்துங்கள். வாவிக்குக் கிழக்கே, கடலோரமான எழுவான்கரையின் மணல் தண்ணீரை உறிஞ்சிவிடும் என்று நம்பியிருந்தேன். ஒரு மார்கழியில் மூன்று நாள் விடாமல் பெய்ததில் கிணறும் முற்றமும் ஒன்றாகி, கீழ் அறைச் சட்டிகள் மிதந்தன. கூரைத் தகரத்தைச் சிலாகையோடு கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள், ஆணியை மட்டும் நம்பாதீர்கள்.

மாரியில் இன்னொன்று வரும், அம்மை. நுளம்பு கடித்துப் பரப்புவது. போன தை மாதம் ஒரு குஞ்சின் அலகோரத்தில் கடுகளவு ஒரு பரு கண்டேன். இரண்டு நாளில் அது மிளகளவாகி, மஞ்சளாய்ப் பொருக்குத் தட்டி, கண்ணிமையிலும் ஏறிவிட்டது. ஒரு கண் மூடிக்கொண்டதால் குஞ்சுக்குத் தாயின் வாயைத் தேட முடியவில்லை. சத்தம் கேட்கும் பக்கம் தலையை ஆட்டிக்கொண்டு சட்டி விளிம்பில் முட்டியது. ஊறவைத்த பயற்றை ஒவ்வொன்றாய் விரலால் ஊட்டினேன். பருவைப் பிய்க்கக் கூடாது, பிய்த்தால் இரத்தம் வந்து புண் பெருக்கும். அயடின் மட்டும் தொட்டு வைத்தேன். நாலாம் கிழமை பொருக்கு தானாக விழுந்தது. இப்போது அந்தப் புறாதான் எல்லாவற்றிலும் உயரப் பறக்கிறது. அதன் பிறகு கார்த்திகை தொடங்கும்போதே வலைக்கு மேலால் பழைய நுளம்புவலையைச் சுற்றி, இரவில் இறக்கிவிடுகிறேன். திறந்த கூட்டில் இதைச் செய்ய வழியில்லை. வாவிக்கரையில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டும்.

கச்சான் காலத்தில் நிலைமை மாறும். மேற்கிலிருந்து அனல் அடிக்கும்போது தகரத்தின் கீழ் அறைகள் அடுப்பாகிவிடும், குஞ்சு வாயைத் திறந்து இளைக்கும். தகரத்துக்கு மேல் இரண்டு வரிசை கிடுகு போட்டால் போதும். மேற்குப் பக்கம் ஒரு முருங்கையோ பூவரசோ நின்றால் இன்னும் நல்லம். கூட்டுச் சட்டிக்குள் கடற்கரைச் சவுக்கின் உதிர்ந்த ஊசி இலையைப் போட்டால் சோடி இரண்டும் போட்டிபோட்டு எடுத்து அடுக்கும். காற்றும் உள்ளே போகும்.

தொண்டைக்குள் மஞ்சள் தயிர்க்கட்டி போலக் கண்டாலும், கழுத்து முறுகி வானத்தைப் பார்த்தாலும் கைவைத்தியம் வேண்டாம், மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். புதிதாக வாங்கிய எந்தப் புறாவையும் மூன்று கிழமை தனியாக வைத்துத்தான் மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். கழுத்து முறுகும் நோய் அப்படித்தான் என் கூட்டுக்குள் ஒரு முறை வந்தது.

வீட்டு மனிதரையும் பாருங்கள். காய்ந்த எச்சத் தூளும் இறகுத் தூளும் நெஞ்சுக்கு ஆகாது. தொய்வு (ஆஸ்துமா) உள்ளவர் இருக்கும் வீட்டில் படுக்கையறை யன்னல் பக்கம் எந்தக் கூடும் வேண்டாம். கூட்டும்போது முதலில் தண்ணீர் தெளித்து, வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு கூட்டுங்கள். வருடக்கணக்காகப் புறாத்தூளைச் சுவாசித்து நுரையீரல் இறுகிப்போனவர்கள் உண்டு. வளர்ப்பவருக்கு இருமல் நிற்காவிட்டால் வைத்தியரிடம் "புறா வளர்க்கிறேன்" என்று சொல்ல மறக்காதீர்கள்.

இந்தப் பெடியனின் வீட்டில் அம்மம்மாவுக்குத் தொய்வு. அவர்கள் வளவு பத்துப் பேர்ச், மூன்று பக்கமும் அயல்வீடு. அவன் பள்ளி விட்டு மூன்று மணிக்கு வந்துவிடுவான், பின்னேரம் எங்கும் போவதில்லை. இவ்வளவையும் சேர்த்துப் பார்த்து, கிணற்றடிக்கு எதிர்ப்புறம், அம்மம்மாவின் அறையிலிருந்து தள்ளி, பின்னேரம் திறக்கும் கூடுதான் என்று தீர்மானித்தோம். ஆறடிக்கு நாலடி, மூன்று சோடிக்கு மேல் இல்லை. அவனுடைய அப்பா வந்து இடத்தை அளந்துவிட்டார். நாலு கொங்கிறீற்றுத் தூணும் இறங்கிவிட்டது. வலை வாங்கும் காசு தை மாதம்தான் வரும். காத்தான்குடிக் காக்காவிடம் போய், பெரிய சோடி வேண்டாம், மாசியில் நாலு குஞ்சு தாருங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறான். அவரும் நல்ல மனிதர், "அப்படி எடுக்கிறதுதான் சரி தம்பி" என்றாராம்.

சப்பாத்துப் பெட்டி இன்னும் என் கொட்டிலில்தான் இருக்கிறது. குஞ்சு எடுக்கப் போகிற அன்று கொடுப்பேன். துளைகள் காணும், ஆனால் பெட்டி சின்னது; இரண்டு குஞ்சுக்கு மேல் வைக்கக் கூடாது. இன்னொரு பெட்டி தேட வேண்டும்.